டிராமில் போன மாலைப்பொழுது



என் தொழில் மொழிபெயர்ப்பு. நடுவணரசு அலுவலகம் ஒன்றில் ஆங்கிலக் கோப்புகளை இந்தியில் ஆக்குவதும், இந்தியில் வந்தவற்றை ஆங்கிலத்தில் ஆக்குவதுமாகப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. தமிழ் எனக்கு வீட்டு மொழி. அலுவலகத்தில் அதற்கு வேலை குறைவு. சில மாதங்களுக்கு முன்பு இத்தீவுகளின் பழைய காட்டுத் தொழிலைப் பற்றிய குறிப்பொன்று என் மேசைக்கு வந்தது. அதில் நான்கைந்து இடங்களில் டிராம் பாதை என்னும் பொருளுடைய சொல் காணப்பட்டது. அடுத்த மேசையில் இருக்கும் வங்காள நண்பர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தமானில் டிராமா? அது எங்கள் கல்கத்தாவில் அல்லவோ ஓடியது!" என்றார். "மின்சார டிராம் கல்கத்தாவுக்கு வருமுன்பே எங்கள் சென்னைக்கு வந்துவிட்டது" என்றேன். அவர் நம்பவில்லை. அன்று தொடங்கிய வழக்கே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

முதலில் அந்தமான் கணக்கைத் தீர்த்துவிடுவோம். இங்கே மின்சார டிராம் ஓடியதில்லை. ஓடியவை காட்டு டிராம்கள். வெட்டி வீழ்த்திய படாக், கர்ஜன் மரங்களை உட்காட்டிலிருந்து கடற்கழிமுகத்துக்குக் கொண்டுவரச் சிறு தண்டவாளங்கள் பதித்து, அவற்றின்மேல் மரத்துண்டுகளைத் தாங்கிய தள்ளுவண்டிகளை ஓட்டினர். யானைகள் இழுத்தன, மனிதர்கள் தள்ளினர். கரைக்கு வந்த மரம் தெப்பமாகக் கட்டப்பட்டுச் சாத்தம் தீவிலுள்ள அரசாங்க மர அறுவை ஆலைக்கு மிதந்து வந்தது. 1883-இல் தோன்றிய அவ்வாலை 1942-இல் ஜப்பானியர் குண்டுக்கு இலக்காகிப் பின்னர் மீண்டும் எழுந்தது. அதன் தரையில் பதிந்த தண்டவாளங்களை இன்றும் காணலாம். அந்த டிராமில் யாரும் உலாப் போனதில்லை. உலாப் போன டிராமை எனக்குச் சொன்னவர் என் பாட்டி.

பாட்டி பிறந்து வளர்ந்த ஊர் சென்னை, புரசைவாக்கம். தாத்தாவுக்கு மர வேலையில் இடம் கிடைத்தபோது, மணமாகிச் சில மாதமே ஆன நிலையில் அவருடன் கப்பலேறி இத்தீவுக்கு வந்தார். பிறகு சென்னைக்குப் போய்வந்தது மூன்றே முறை. ஆயினும் சாகும்வரை அவருடைய பேச்சில் சென்னை என்றால் டிராம்தான். மெரீனாவைப் பற்றிக் கேட்டால் அங்கே போன டிராமைச் சொல்லுவார்; மயிலாப்பூர்த் தேரைப் பற்றிக் கேட்டால் அன்றைக்கு டிராமில் இருந்த நெரிசலைச் சொல்லுவார். எனக்கோ டிராமைப் பார்க்கும் பேறு அந்நாளில் இல்லை. தண்டவாளம் என்றால் சாத்தம் ஆலையில் கண்டதுதான் தெரியும். ஆகவே பாட்டியின் டிராமை யானை இழுத்துச் செல்வதாகவே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

இனி வரலாற்றைப் பார்ப்போம்.

1895-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சாரத்தால் இயங்கிய முதல் டிராம் இதுவே. கல்கத்தாவில் 1873-இலேயே குதிரை டிராம் வந்துவிட்டது. பம்பாயில் அடுத்த ஆண்டு வந்தது. ஆனால் அவ்விரு நகரங்களிலும் குதிரையை அவிழ்த்துவிட்டு மின்சாரத்தைப் பூட்டியது முறையே 1902-இலும் 1907-இலுந்தான். கான்பூரில் 1907-இலும், டில்லியில் 1908-இலும் டிராம் வந்தது. இவ்வளவு ஏன்? நம்மை ஆண்டவர்களின் தலைநகரான இலண்டன் தெருக்களிலேயே மின்சார டிராம் முறையாக ஓடத் தொடங்கியது 1901-இல். என் வங்காள நண்பர் இவ்விடத்தில் சற்று மௌனமானார் என்பதை மனநிறைவுடன் பதிவு செய்கிறேன்.

அந்தச் சென்னையை எண்ணிப் பாருங்கள். வீடுகளில் எரிந்தது எண்ணெய் விளக்கு. நகர மக்களுக்கு மின்விளக்கு பரவலாகக் கிடைக்க இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆக வேண்டும். மின்சாரம் என்னும் பொருளைச் சாமானிய மனிதன் முதன்முதலாகத் தொட்டறிந்தது விளக்கில் அன்று. தெருவில் ஓடிய வண்டியில். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, புகையும் இல்லை. ஆயினும் வண்டி நகர்கிறது. பாட்டியின் பாட்டனார் அதில் ஏற மறுத்து ஓராண்டுக் காலம் நடந்தே போனாராம். பிறகு மழைநாள் ஒன்றில் ஏறினாராம். அதற்கப்பால் இறங்க மனமில்லையாம்.

அவர் மழைநாளில் ஏறினார் என்னும் செய்தியில் எனக்குச் சற்று ஐயம் உண்டு. சென்னை டிராமுக்கு முதற்பகை மழையே. காரணம் இது. முதலில் அமைத்த முறையில் தலைக்கு மேலே கம்பி இல்லை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே நீள்பிளவு ஒன்று விட்டு, அதன் அடியில் வாய்க்கால் போன்ற ஒரு குழியை அமைத்து, அக்குழிக்குள் மின்கடத்திகளைப் பொருத்தியிருந்தனர். வண்டியின் அடியிலிருந்து ஒரு தகடு பிளவின் வழியே உள்ளே இறங்கி மின்சாரத்தை வாங்கிக் கொள்ளும். ஆங்கிலத்தில் அத்தகட்டுக்கு ஏர் என்றே பெயர். நிலத்தைக் கீறிச் செல்லும் கொழுவைப் போல அது தெருவைக் கீறிச் சென்றது. மொழிபெயர்ப்பாளனுக்கு இவ்வளவு எளிதான சொல் அருமையாகவே வாய்க்கும். காட்சிக்கு இம்முறை அழகானது. நகரின் வானம் கம்பியின்றி இருக்கும். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டினால் தெருவில் ஓடும் நீர் முதலில் புகுவது அந்தக் குழியில்தான். மின்சாரம் நீரில் கசியும், வண்டி நிற்கும். சென்னையின் தரையோ கடல்மட்டத்தை ஒட்டிய சமதரை. நீர் வடிய நெடுநேரம் ஆகும். ஆகவே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் குழி முறையைக் கைவிட்டு, மேலே கம்பி கட்டி, வண்டியின் கூரையிலிருந்து நீண்ட கோல் ஒன்றால் மின்சாரம் வாங்கும் முறைக்கு மாறினர்.

இந்தத் தவற்றில் சென்னை தனித்து நிற்கவில்லை என்பது சிறிது ஆறுதல். இங்கிலாந்தில் பிளாக்பூல் என்னும் கடற்கரை ஊரில் 1885-இலேயே மின்சார டிராம் ஓடியது. அதுவும் குழி முறைதான். அங்கே பகை மழையன்று. கடலலையும் அது வாரி வந்த மணலும். 1899-இல் அவ்வூராரும் கம்பிக்கு மாறினர். கடற்கரைக்கு வருவோரை ஏற்றிக்கொண்டு உலாப் போகும் அந்த டிராம் இன்றளவும் ஓடுகிறது. இலையுதிர்காலத்தில் கடற்கரை முழுவதும் விளக்குகளால் அலங்கரிக்கப்படும்போது, அதைக் காண்பதற்கென்றே டிராமில் ஏறுவோர் மிகப்பலர்.

உலா என்றேன். டிராமுக்கும் உலாவுக்கும் உள்ள உறவு தற்செயலானது அன்று. அதில் ஒரு வாணிகக் கணக்கு உண்டு. டிராம் நடத்துவோருக்கு வார நாட்களில் அலுவலகம் போவோரும் ஆலைக்குப் போவோரும் நிரம்ப வருவர். ஞாயிற்றுக்கிழமையோ வண்டி வெறிதே கிடக்கும். மின்னாக்க நிலையம் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, ஓட்டுபவருக்குச் சம்பளமும் உண்டு. ஏறுவோர் மட்டும் இல்லை. அமெரிக்க நாட்டில் 1888-இல் ரிச்மண்ட் நகரில் பிராங்க் ஸ்பிரேக் என்பவர் மின்சார டிராமைப் பெரிய அளவில் ஓட்டிக் காட்டிய பிறகு, அந்நாட்டு நிறுவனங்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டன. தடத்தின் கோடியில், ஊருக்கு வெளியே, பூங்கா ஒன்றைத் தாங்களே அமைத்தன. ஊஞ்சல், இசை மேடை, ஏரி, படகு எல்லாம் வைத்தன. ஞாயிறன்று மக்கள் அங்கே போக வேண்டுமானால் டிராமில்தானே போக வேண்டும்! இன்று அமெரிக்காவில் புகழ் பெற்ற கேளிக்கைப் பூங்காக்கள் சிலவற்றின் பிறப்பு இதுவே.

சென்னையில் எவரும் பூங்கா அமைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. டிராம் சென்ற வழியிலேயே வேடிக்கைகள் நின்றன. சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே பீப்பிள்ஸ் பார்க் என்னும் பெரும் பூங்கா. அதற்குள் உயிர்க்காட்சிச் சாலை. அதன் பக்கத்தில் 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட். எழும்பூரில் அருங்காட்சியகம். பாரிமுனைக்கு அப்பால் உயர்நீதிமன்றம். அதன் கோபுரத்தில் 1894 முதல் எரிந்த கலங்கரை விளக்கு. மெரீனாவில் 1909-இல் திறந்த மீன்காட்சிச் சாலை. நாட்டுப்புறத்திலிருந்து வந்தவர்கள் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும், விலங்குகள் இருந்த இடத்தை உயிர்க் காலேஜ் என்றும் அழைத்தனர். எந்த அகராதிக்காரனும் இவ்வளவு தெளிவாகப் பெயர் வைத்திருக்க மாட்டான். பட்டணம் பார்க்க வந்தவன் சென்ட்ரலில் இறங்கி, டிராமேறி, உயிர்க் காலேஜையும் செத்த காலேஜையும் கண்டு, விளக்குக் கோபுரத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, கபாலீசுவரரையும் பார்த்தசாரதியையும் தொழுது ஊர் திரும்பினால் அவனுடைய பட்டணப் பயணம் நிறைவுற்றதாகக் கொள்ளலாம்.

பாட்டியின் உலா இவ்வளவு நீண்டதன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு, பிற்பகல் வெயில் தாழ்ந்ததும், அவருடைய தாயார் புளிச்சோற்றைத் தூக்கில் கட்டிக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப் புறப்படுவார். புரசைவாக்கத்தில் வண்டி நிற்கும் இடம் தடத்தின் கோடி. அங்கே வண்டி திரும்புவதில்லை. திரும்ப வேண்டிய தேவையும் இல்லை. இரு முனையிலும் ஓட்டும் கைப்பிடி உண்டு. கண்டக்டர் இறங்கி, பின்னே தொங்கும் கயிற்றைப் பற்றி, கூரைக் கோலைக் கம்பியிலிருந்து இறக்கி, வண்டியைச் சுற்றி நடந்துபோய் மறுமுனைக்கு மாற்றி வைப்பார். அந்நேரம் கம்பியில் ஒரு நீலப் பொறி தெறிக்கும். அதைக் காண்பதற்காகவே பிள்ளைகள் முன்கூட்டிப் போய் நிற்பார்களாம். ஓட்டுபவர் நின்றுகொண்டே ஓட்டுவார். காலால் மிதித்தால் மணி ஒலிக்கும். வழியில் ஓரிடத்தில் வண்டி மாற வேண்டும். திருவல்லிக்கேணியில் இறங்கிக் கடற்கரைக்கு நடை. திரும்பும்போது இருட்டிவிடும். உறங்கிப்போன தம்பியை மடியில் கிடத்திக்கொண்டு, சன்னல் வழியே வரும் காற்றை வாங்கிக்கொண்டு வந்த அந்த அரைமணி நேரத்தைப் பாட்டி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கடற்கரையைப் பற்றி அவர் அவ்வளவு சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்வார். போர்க்காலத்தில் செம்பு தட்டுப்பாடானபோது, 1943 முதல், நடுவில் துளையிட்ட காலணா வந்தது. ஓட்டைக் காலணா என்பர். அதைத் தண்டவாளத்தின்மேல் வைத்துவிட்டு ஒளிந்து நிற்பார்கள். டிராம் ஏறிப் போனதும் ஓடிப்போய் எடுத்தால் காசு தகடாகி, சூடாக இருக்கும். காலணாவின் மதிப்புத் தெரிந்த வீட்டில் அதற்கு அடி கிடைக்கும்.

காலணாவின் மதிப்பு அந்நாளில் என்ன? இதற்கு நல்லதொரு சான்று புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் கதையில் இருக்கிறது. கந்தசாமிப் பிள்ளை பிராட்வேச் சந்தியில் நின்று, வீட்டுக்கு டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா என்று ஆழ்ந்து கணக்குப் போடுகிறார். டிராமுக்கு ஒன்றே காலணா. அதில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சும். பஸ்ஸில் போனால் வேறு விதமாகக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டும். கடவுள் வந்து குறுக்கிடுவதற்குமுன் அவருடைய உள்ளத்தை நிறைத்திருந்த சிந்தனை இதுவே. டிராம் யாருடைய வண்டி என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லிவிட முடியாது. செல்வர் மோட்டாரில் போயினர். காலணாவை எண்ணிப் பார்த்தவர்கள் டிராமில் போயினர்.

1921-இல் சென்னை டிராம் உச்ச நிலையில் இருந்தது. 24 கிலோமீட்டர்த் தடம், 97 வண்டிகள். துறைமுகத்தையும் பாரிமுனையையும் மவுண்ட் ரோட்டையும் பூந்தமல்லி நெடுஞ்சாலையையும் அது இணைத்தது. 1904 என்னும் ஆண்டைத் தன் பெயரிலேயே சுமந்த ஓர் ஆங்கில நிறுவனம் அதை நடத்தி வந்தது. அந்தக் காலமே தொழிலாளர் விழித்த காலமுமாகும். 1918 ஏப்ரல் 27-இல் பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, திரு. வி. கலியாணசுந்தரனார் அதில் முன்னின்று உழைத்தார். பஞ்சாலைத் தொழிலாளரைத் தொடர்ந்து டிராம் தொழிலாளரும் சங்கம் கண்டனர். நீல நிறப் பொறியை நினைத்து மகிழும் நாம், கால் கடுக்க நின்று கைப்பிடியைச் சுழற்றியவரை மறந்துவிடுகிறோம். பாட்டியின் கதைகளில் கண்டக்டருக்குப் பெயரில்லை. ஓட்டுபவருக்கு முகமே இல்லை. முதுகு மட்டுந்தான் உண்டு.

பிறகு வந்த வீழ்ச்சியை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் வந்தது. பஸ்கள் பெருகின. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அருகியபோது மக்கள் மீண்டும் டிராமை மொய்த்தனர். ஆனால் பழுது பார்க்கப் பொருள் கிடைக்கவில்லை. போர் முடிந்தபோது வண்டிகளும் தண்டவாளமும் ஒருங்கே தேய்ந்திருந்தன. அரசாங்கம் தானே நகரப் பஸ்களை நடத்தத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். 1950 அளவில் டிராம் நிறுவனம் நொடித்தது. அதை ஏற்று நடத்த எவரும் முன்வரவில்லை. 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், இராஜாஜி முதலமைச்சராக இருந்த காலத்தில், சென்னை டிராம் நின்றது. 58 ஆண்டுகள் ஓடியிருந்தது. வேப்பேரியில் டிராம் கொட்டகை இருந்த இடத்தைப் பின்னர்ப் பெரியார் வாங்கினார். இன்றைய பெரியார் திடல் அதுவே.

நின்றது சரியா, தவறா? டிராம் தெருவை அடைத்தது, பழசாகிவிட்டது, நட்டத்தில் ஓடியது என்பன அந்நாளில் சொல்லப்பட்ட காரணங்கள். அவற்றை முற்றும் பொய்யென்று நான் சொல்லேன். தேய்ந்த வண்டியில் நாள்தோறும் நசுங்கிப் போனவனுக்கு அது நின்றதில் வருத்தம் இருந்திராது. ஆனால் இன்று சென்னை மெட்ரோ இரயிலின் தடங்களைப் படத்தில் பாருங்கள். ஒன்று அண்ணா சாலையின் அடியில் செல்கிறது. மற்றொன்று பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே செல்கிறது. மெட்ரோவின் முதற்பகுதி 2015-இல் திறக்கப்பட்டது. டிராம் ஓடிய அதே சாலைகளுக்கு, 60 ஆண்டுகள் கழித்து, மின்சாரத் தண்டவாளத்தை மீண்டும் கொண்டுவந்திருக்கிறோம். இம்முறை பெருஞ்செலவில், பூமியைக் குடைந்து.

பாட்டியிடம் ஒரு கதை உண்டு. கடைசி டிராமில் ஏறிய கதை. கடைசி நாளன்று இரவு தமையனாருடன் அதில் ஏறினாராம். வண்டியில் யாரும் பேசவில்லையாம். மறுநாள் காலையில் தண்டவாளம் மட்டும் வெயிலில் பளபளத்துக் கிடந்ததாம். மணியோசை இல்லாத தெரு எழவு வீட்டுத் தெருவைப் போல இருந்ததாம். இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கும். நான் சிறுவனாய் இருந்தபோது எத்தனையோ முறை கேட்டு, எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

பாட்டி காலமான பின்பு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். தாத்தாவின் பணிக் குறிப்பேடு அதில் இருந்தது. அவர் போர்ட் பிளேரில் வந்திறங்கிய நாள் 1953 பிப்ரவரியில் குறிக்கப்பட்டிருந்தது. பாட்டி அவருடனேயே வந்தவர் என்பது குடும்பம் முழுவதும் அறிந்த செய்தி. ஆகவே ஏப்ரல் 12-ஆம் நாள் இரவு சென்னையில் டிராம் நின்றபோது பாட்டி இங்கே, கடலுக்கு இப்பால், எழுநூறு மைலுக்கும் அப்பால் இருந்தார். கடைசி டிராமில் அவர் ஏறியிருக்க முடியாது.

பெட்டியின் அடியில் ஒரு கடிதம் கிடைத்தது. தமையனார் தங்கைக்கு அந்த ஆண்டு எழுதியது. அம்மாவின் உடல்நிலை, வீட்டு வாடகை, மாப்பிள்ளைக்கு விசாரிப்பு ஆகியவற்றுக்கு நடுவே ஒரு பத்தி. டிராம் நின்றுவிட்டது, கடைசி நாளில் தாம் ஏறிப் போனார், யாரும் பேசவில்லை, காலையில் தண்டவாளம் வெயிலில் பளபளக்கிறது, தெரு எழவு வீட்டுத் தெருவாய் இருக்கிறது. அத்தனையும் இருந்தது, ஒன்றே ஒன்றைத் தவிர: தங்கை உடன் இருந்தாள் என்பது.

கடிதம் இங்கே வந்து சேர அந்நாளில் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பெண், கணவரைத் தவிர வேறு உறவில்லாத தீவில், அதை எத்தனை முறை படித்தாரோ! படித்துப் படித்து அந்த வண்டியில் தாமும் ஏறி அமர்ந்துவிட்டார். ஆவணத்தில் உள்ளதை உள்ளபடி பெயர்த்தெழுதுவதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. பாட்டி சொன்னது பிழையென்று என் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும், சொல்லியும்விட்டேன். "அப்படியானால் பாட்டி பொய் சொன்னாரா?" என்று மகள் கேட்டாள். இல்லை என்றேன். அதற்குமேல் விளக்க என்னால் இயலவில்லை.

கடல் கடந்த தமிழருக்கு இத்தகைய நினைவு பலவிடத்தும் உண்டு. கொழும்பில் 1899-இல் தொடங்கிய டிராம் கோட்டையிலிருந்து கிராண்ட்பாசுக்கும் பொரளைக்கும் ஓடி, 1960-இல் நின்றது. அங்கே 1929-இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடந்த டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. சிங்கப்பூரில் 1905 முதல் 1927 வரை மின்சார டிராம் இருந்தது. பினாங்கில் 1906-இல் வந்து 1936-இல் மறைந்தது. அவ்வூர் டிராம் துறைமுகத்திலிருந்து ஆயர் ஈத்தாம் குன்றின் பக்கம் வரை போனதால், ஞாயிறுதோறும் மலைக்காற்று வாங்கப் போவோருக்கு அதுவே உலா வண்டி. இரங்கூன் டிராம் போரில் அழிந்தது. பம்பாயின் கடைசி டிராம் 1964 மார்ச் 31-இல் ஓடியது. எஞ்சியது கல்கத்தா ஒன்றே.

எனக்கு டிராமில் ஏறும் வாய்ப்பைத் தந்ததும் கல்கத்தாவே. இத்தீவுகளுக்கு உயர்நீதிமன்றம் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஆகையால், எங்களைப் போன்றோருக்கு அந்நகருடன் அலுவல் முறையில் தொடர்பு உண்டு. 2009-இல் ஒரு பயிற்சிக்காகப் போயிருந்தேன். எஸ்பிளனேடில் ஏறி, மைதானத்தின் ஓரமாக, மரங்களுக்கு நடுவே கிதிர்ப்பூர் வரை போனேன். இரண்டு பெட்டி, முன்னதற்கு மின்விசிறி உண்டு, பின்னதற்கு இல்லை, கட்டணத்தில் சிறு வேறுபாடு. நான் வேண்டுமென்றே பின்பெட்டியில் ஏறினேன். வண்டி மிக மெதுவாகப் போயிற்று. வளைவுகளில் சக்கரம் கிறீச்சிட்டது. பாட்டி சொன்ன காற்று வந்தது. அவ்வளவுதான், ஆனால் இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்காமல் அதே வண்டியில் திரும்பி வந்தேன்.

அந்தத் தடமும் 2020-இல் அம்பான் புயல் மரங்களைச் சாய்த்தபோது நின்றுவிட்டது. 2023-இல் கல்கத்தா டிராமின் 150-ஆம் ஆண்டைக் கொண்டாடினர். 2024 செப்டம்பரில், மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே ஒரு சிறு தடத்தை மட்டும் மரபுச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடப்போவதாக மாநில அரசு அறிவித்தது. அதாவது, வேலைக்குப் போவோர் வண்டி ஒழிந்து உலா வண்டி மட்டும் எஞ்சும். அதே செப்டம்பரில் எங்கள் போர்ட் பிளேரின் பெயரும் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. என் நண்பருக்கு அந்த மாதம் இரட்டைத் துயரம். மேற்கு வங்கத்தில் அறிவிப்பை எதிர்த்து எழுந்த குரல்களை நாள்தோறும் எனக்கு வாசித்துக் காட்டினார். சென்னையின் முதன்மையைப் பற்றிய வழக்கை நாங்கள் அத்துடன் நிறுத்திக்கொண்டோம்.

இனிச் சொல்லில் ஒரு சிறு செய்தி. டிராமுக்குத் தமிழில் அமிழ் தண்டூர்தி என்று ஒரு பெயர் ஆக்கியிருக்கிறார்கள். தண்டவாளம் தரையில் அமிழ்ந்திருப்பதைச் சுட்டும் நல்ல காரணப்பெயர்தான். ஆனால் வண்டி ஓடிய நாளில் மக்கள் அதை டிராம் என்றே அழைத்து ஏறி இறங்கினர். என் கோப்பில் இந்தியிலும் டிராம் என்றே எழுதி அனுப்பிவிட்டேன், மேலதிகாரி மாற்றவில்லை.

பாட்டியின் பெட்டியில் கடிதத்தோடு இன்னொரு பொருளும் இருந்தது. தகடாய் நசுங்கிய ஓட்டைக் காலணா. துளை நீண்டு ஒரு கண்ணைப் போல ஆகியிருந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. இப்போது அது என் அலுவலக மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. சென்ற வாரம் மின்விசிறியைப் பழுது பார்க்க வந்தவர், திருகாணிக்கு அடியில் போடும் வாஷர் என்று எண்ணி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, அளவு பொருந்தாது என்று திரும்ப வைத்துவிட்டுப் போனார்.